விருந்தாளி நாற்காலியை விட்டு எழுவது

ஜார்ஜியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் கிளம்பும்வரை பாடத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். (அமெரிக்க மாகாணம் இல்லை, கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலையடியில் இருக்கும் நாடு.) வகுப்பு என்னவோ பகலில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் இன்னொருவர் வீட்டில் இருக்கப்போகிறீர்கள். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் மூட்டிய அடுப்பின் முன்னால் குளிர்காய்ந்து, அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு முறை பார்த்துக் காத்திருக்க வேண்டும். பாதியில் ஊர் திரும்பியவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய குறை இரண்டு வரியில் முடிந்துவிடும். வீட்டைப் பற்றியதுதான் நீளும். அதனால் இந்த அத்தியாயத்தில் வீட்டைத்தான் அதிகம் பேசப்போகிறோம்.

முன்கதை சுருக்கமாக. 2010இல் அதிபர் மிக்கெய்ல் சாகாஷ்விலியின் அரசு, ரஷ்ய மொழி வகித்த இடத்துக்கு ஆங்கிலத்தைக் கொண்டுவர நினைத்து, 'டீச் அண்ட் லேர்ன் வித் ஜார்ஜியா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் வெளிநாட்டினரை அழைத்து, கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பி, அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் உதவித்தொகை மாதம் 500 லாரி (ஜார்ஜிய நாணயம்); அதில் 100 லாரி வீட்டுக்காரருக்குப் போனது. 2012இல் ஆட்சி மாறியபின் திட்டம் சுருங்கியது. அதற்கு முன்பே, 2001இல் வந்த அமெரிக்க பீஸ் கோர் தொண்டர்களும் இப்படிக் குடும்பங்களோடுதான் தங்கினார்கள். நீங்கள் எந்த ஏற்பாட்டில் போனாலும் ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்காரருக்குப் பணம் யார் கையால், எப்போது போகிறது? உங்கள் கையால் போகாமல் இருப்பதே நல்லது. காரணம் பின்னால் வரும்.

முதல் இரவு

விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்பது ஜார்ஜியர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. சொல்வதோடு நிற்க மாட்டார்கள், அப்படியே நடத்துவார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கடவுள் அனுப்பியவர் தட்டைக் கழுவக் கூடாது, விறகு தூக்கக் கூடாது, தனியாகக் கடைக்குப் போகக் கூடாது, பசியில்லை என்று சொல்லக் கூடாது. ஒரு வாரம் இது சுகம். ஒரு மாதத்தில் மூச்சு முட்டும். அவர்களுக்கும்தான்: தினமும் விருந்து சமைத்து எந்த வீடு தாங்கும்? ஆகவே முதல் மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டிய உண்மையான வேலை, யார் மனமும் நோகாமல் அந்த விருந்தாளி நாற்காலியை விட்டு மெல்ல எழுந்துகொள்வது.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு தருவார்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள், நமக்கு அது இயல்பு, அவர்களுக்கு அது காய்ச்சலுக்கு அழைப்பு. அடுத்து மேசை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கச்சாபுரி, வேகவைத்த காராமணி போன்ற லோபியோ, மக்காச்சோள ரொட்டி ம்ச்சாதி, வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், மூலிகை மணக்கும் புளிப்புப் பிளம் சாறு த்கெமாலி, நடுவில் கோழியோ பன்றியோ. "ச்சாமே, ச்சாமே" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். சாப்பிடு என்று பொருள். இந்தச் சொல்லைத்தான் உங்கள் ஜார்ஜிய வாழ்க்கையில் அதிகம் கேட்கப்போகிறீர்கள்.

இங்கே ஒரு நுட்பம். தட்டு காலியானால் நிரப்பப்படும். எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறீர்களோ அவ்வளவு வேகமாக நிரப்பப்படும். தட்டைக் காலி செய்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் இதில் மாட்டிக்கொண்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சமாக எடுங்கள், மெதுவாக மெல்லுங்கள், கடைசிவரை தட்டில் ஏதாவது இருக்கட்டும். "த்ஸோத்தா", அதாவது கொஞ்சம், என்ற சொல்லை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

முதல் நாள் கொடுக்கும் பரிசு சின்னதாக இருக்கட்டும். நல்ல தேயிலை, இனிப்பு, பாட்டிக்குத் தலையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டுத் துணி. தேவாலயத்துக்குப் போகும் பெண்கள் தலையை மூடுவது வழக்கம் என்பதால் அந்தத் துணி பெட்டிக்குள் முடங்காது. பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படை பூக்கள் சாவு வீட்டுக்கு.

நீங்கள் எந்த ஊர்?

ஆங்கில ஆசிரியர் வருகிறார் என்றதும் அந்தக் குடும்பம் மனத்தில் வரைந்திருக்கும் முகம் உங்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை. டொரான்டோவில் பிறந்த தமிழருக்கும் இது நடக்கும், சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்கும் நடக்கும். "கனடாவா? சரி, உண்மையில் எந்த ஊர்?" என்ற கேள்வி முதல் மணி நேரத்துக்குள் வந்துவிடும். முகம் சுளிக்க வேண்டாம். தாத்தா பாட்டியின் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்து காட்டுங்கள். எந்த ஊர், எந்தக் கடல், என்ன பயிர் என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். குடும்பம் எது என்று தெரிந்துவிட்டால் ஜார்ஜியர்களுக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

இந்தியா என்றதும் மூன்று விஷயங்கள் வரிசையாக வரும். சோவியத் காலத்தில் இந்திப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை ராஜ் கபூரைப் பற்றிப் பேசும். 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' மிதுன் சக்கரவர்த்தியைக் கொஞ்சம் இளையவர்கள் விசாரிப்பார்கள். தமிழ்ப் படம் வேறு என்று விளக்கத் தொடங்கினால் இரவு போய்விடும். இரண்டாவது, மருத்துவம். தலைநகர் திபிலிசியில் இந்திய மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் மருத்துவம் படிக்கிறார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. அதனால் உங்களையும் டாக்டருக்குப் படிப்பவர் என்றே நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு வந்து நிற்கலாம். மூன்றாவது, அரசி கெத்தெவான். 1624இல் ஷிராஸில் மதம் மாற மறுத்துக் கொல்லப்பட்ட ககேத்தி நாட்டு அரசி. ஜார்ஜியத் திருச்சபைக்குப் புனிதர். அவருடைய எலும்பு எச்சம் பழைய கோவாவில் அகஸ்டீனியர் மடத்து இடிபாடுகளில் கிடைத்தது. ஐதராபாத் ஆய்வகத்தில் மரபணு சோதித்து உறுதி செய்தார்கள். 2021 ஜூலையில் இந்திய அரசு அதில் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. இதைத் தெரிந்துகொண்டு போகிற ஆசிரியரிடம் பாட்டிகள் தனிப் பிரியம் வைப்பார்கள். இந்த ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுச் சிக்கல்

சைவர்களுக்கு ஜார்ஜியா கடினம் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம்: புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரம், கிறிஸ்துமஸுக்கு முன் இன்னொரு நீண்ட விரதம். அந்நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டைகூடக் கிடையாது. அதற்கென்றே 'சமர்க்வோ' எனப்படும் விரதச் சமையல் இருக்கிறது. லோபியோ, கீரையும் வால்நட்டும் பிசைந்த ப்கலி, காளான், உருளைக்கிழங்கு ரொட்டி எல்லாம் அதில் அடங்கும். நான் சைவம் என்று விளக்குவதைவிட எனக்கு எப்போதும் சமர்க்வோதான் என்று சொன்னால் வீட்டுக்கார அம்மாவுக்கு உடனே பிடிபடும். என்ன சமைப்பது என்று அவர் திணற மாட்டார், மதிப்பும் கூடும். கோழியும் மீனும்கூட வேண்டாம் என்பதைத் தனித்தனியே பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்றவருக்குக் கோழிச்சாறு ஊற்றிக் கொடுப்பது அவர்கள் கணக்கில் வஞ்சகம் ஆகாது. பால் உண்பவரானால் மட்ஸோனி என்ற தயிர் உங்களைக் காப்பாற்றும். அதைச் சோற்றில் பிசைந்து உப்புப் போட்டுச் சாப்பிடும்போது வீடே வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும்.

காரம் கேட்கும் நாக்குக்கு சமெக்ரெலோ பகுதியின் அஜிகா இருக்கிறது: மிளகாயும் பூண்டும் அரைத்த விழுது. கொத்தமல்லித் தழை எங்கும் கிடைக்கும். வெந்தயத்தின் ஒரு வகையை அவர்கள் மசாலாவில் சேர்க்கிறார்கள் என்பதால் அடுப்படியில் பழகிய வாசனை வரும். புளி கிடைக்காது. அதற்கு த்கெமாலியை இரண்டு கரண்டி கரைத்து விட்டால் ரசம் ஓரளவு ஒப்பேறும். பூண்டு ஏற்கெனவே அதில் இருக்கிறது, நீங்கள் தனியாகப் போட வேண்டாம்.

நம் ஊர்ச் சமையல் ஒன்று செய்துகாட்டச் சொல்வார்கள். முதல் மாதத்துக்குள் செய்துவிடுங்கள். அடுப்படிக்குள் காலெடுத்து வைக்க இதைவிடத் தோதான சாக்கு கிடையாது. உருளைக்கிழங்கு மசாலாவும் சப்பாத்தியும் எங்கும் எடுபடும். சாம்பாரில் இறங்க வேண்டாம்.

ரொட்டி, விறகு, பணம்

வீட்டு வேலையில் பங்கு கேட்டால் 'வேண்டாம், உட்கார்' என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். ஒரு சிறு வேலையைச் சத்தமில்லாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ரொட்டிச் சூளை இருந்தால் மாலை ரொட்டி வாங்கி வருவதுதான் சிறந்தது. 'தோனே' என்ற மண் சூளை நம் ஓட்டல்களின் தந்தூர் அடுப்பேதான். சூளைக்காரர் உடம்பைப் பாதி உள்ளே வளைத்து, படகு போல இழுத்த மாவை உட்சுவரில் அறைந்து ஒட்டுவார். வெந்ததும் நீளக் கம்பியால் கொத்தி எடுப்பார். கையில் பிடிக்க முடியாத சூட்டில் ஒரு துண்டுத் தாளைச் சுற்றித் தருவார். இரண்டு முனையும் கூராக இருக்கும், வழியில் ஒரு முனையைப் பிய்த்துத் தின்னாமல் வீடு சேர்ந்தவர் யாருமில்லை, வீட்டிலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் நீங்களே வாங்கி வந்தால் எட்டாம் நாள், 'ரொட்டி இல்லையே' என்று உங்களைப் பார்த்துக் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி விருந்தாளித்தனம் போயிற்று.

காசைக் கையில் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பணம் நீட்டும் விருந்தாளியைப் போல அவர்களைப் புண்படுத்துவது வேறில்லை. அதனால்தான் வாடகை வேறு வழியாகப் போவது நல்லது என்று சொன்னேன். ஆனால் பல வீடுகளில் பணத்தட்டுப்பாடு நிஜம். ஆசிரியர் தங்கும் வீட்டில் குளிர்கால விறகும் மின்கட்டணமும் கூடத்தான் செய்யும். பொருளாகக் கொடுங்கள்: பழம், சர்க்கரை, காப்பித்தூள், பிள்ளைக்குக் காலணி. கடைத்தெருவில் நிற்கும் கட்டண இயந்திரங்களில் மின்கட்டணம் செலுத்தலாம். வீட்டு இணைப்பு எண்ணைத் தெரிந்துகொண்டு ஒரு மாதம் கட்டிவிட்டு ரசீதைக்கூடக் காட்டாமல் இருந்துவிடுங்கள். தெரியவரும்போது ஒரு சத்தம் போடுவார்கள், அவ்வளவுதான்.

குளிர்காலம்

கிராமத்து வீடுகள் பெரியவை. இரண்டு மாடி, சுற்றிலும் திண்ணை, நாலைந்து அறை. நவம்பர் வந்ததும் அத்தனை அறையையும் பூட்டிவிட்டு, இரும்பு விறகடுப்பு இருக்கும் ஒரே அறைக்குள் குடும்பம் குடியேறிவிடும். உங்கள் படுக்கையறைக்குச் சூடு கிடையாது.

அந்த அடுப்பறையின் மாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடுப்பின் மேல் கெண்டி கொதிக்கிறது. புகைக்குழாயில் கட்டிய கம்பியில் ஈரக் காலுறைகள். மேற்குப் பகுதியென்றால் தோலுரித்த மாண்டரின் ஆரஞ்சு, தோலை யாரோ அடுப்பின்மேல் போட அறை முழுக்க அந்த மணம். தொலைக்காட்சியில் ஜார்ஜியக் குரல் கொடுத்த துருக்கித் தொடர். பையன் வீட்டுப்பாடத்தை மூக்கால் எழுதுகிறான். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரோடு பகடை உருட்டுகிறார். நீங்கள் சாப்பிட்ட கையோடு எழுந்து உங்கள் குளிர் அறைக்குப் போனால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கோபமா, உடம்பு சரியில்லையா, வீட்டு நினைப்பா? தனிமை வேண்டும் என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "மனசு சரியில்லையா?" என்று கேட்டு, ஒரு தட்டு பழமும் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆகவே சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே இருங்கள், கையில் உங்கள் வேலையோடு. நோட்டுத் திருத்தலாம், எழுத்துப் பழகலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணில் பட்டால் போதும். பிறகு "தவிகாலே", களைத்துவிட்டேன், என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். உண்மையான தனிமைக்கு நடைதான் வழி. வழியில் பார்ப்பவர்கள் எல்லாரும் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். நம் கிராமத்தில் 'எங்கே கிளம்பிட்டீங்க' என்று கேட்பது போல அது வெறும் வணக்கம்தான். 'சும்மா அங்கே' என்று கையைக் காட்டினால் போதும். ஆனால் வீட்டில் மட்டும் எங்கே, எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் ஊர் அவர்களைத்தான் கேட்கும்.

தினக்குளியல் நடக்காது. வெந்நீர் போடுவது விறகு, மின்சாரம் சம்பந்தப்பட்ட காரியம். வாரத்தில் எந்த நாட்கள் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தலையோடு வெளியே தலைகாட்டினால் பாட்டி துண்டோடு துரத்துவார். பெண்கள் குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்பதும் எழுதப்படாத சட்டம். வாதாடி எந்த வெளிநாட்டுக்காரரும் ஜெயித்ததில்லை. பல வீடுகளில் கழிவறை தோட்டத்தில் இருக்கும்; கைவிளக்கும், நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஒரு சிறிய குவளையும் பெட்டியில் இருக்கட்டும். இந்தியாவின் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விருந்தும் மதுவும்

'சுப்ரா' என்ற பெருவிருந்து மாதம் ஒன்றாவது வரும். பிறந்தநாள், பெயர்நாள், திருமணம், இறந்தவரின் நாற்பதாம் நாள், சும்மா ஒரு சனிக்கிழமை. மேசைக்குத் தலைவர் 'தமாதா'. அவர் எழுந்து பேசி வாழ்த்துச் சொன்னபின்தான் மது. இடையில் தாகத்துக்கு ஒரு மடக்கு குடிப்பது பிழை. சமாதானம், நாடு, பெற்றோர், மறைந்தவர்கள், குழந்தைகள் என்று வாழ்த்து வரிசை நீளும். மறைந்தவர்களுக்கான வாழ்த்தில் சிலர் ரொட்டித் துண்டின்மேல் சில சொட்டு விடுவார்கள். திராட்சை மது வீட்டில் செய்தது. மண்ணில் புதைத்த 'க்வெவ்ரி' என்ற பெருந்தாழியில் புளிக்கவைக்கும் அந்த முறையை 2013இல் யுனெஸ்கோ பண்பாட்டுச் சொத்தாகப் பட்டியலிட்டது. பெருமையோடு ஊற்றுவார்கள், "பொலோம்தே" என்பார்கள்: கடைசிச் சொட்டுவரை.

குடிக்காதவர் முதல் வாழ்த்திலேயே குடிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவதில் மறுப்பதுதான் அவமரியாதை. முதலிலேயே மறுத்தால் அது உங்கள் வழக்கம் என்று விட்டுவிடுவார்கள். மருந்து சாப்பிடுகிறேன், விரதம், வேண்டுதல் எல்லாம் செல்லும். 'பிடிக்காது' மட்டும் செல்லாது. பழச்சாறை ஏந்தி எல்லா வாழ்த்துக்கும் எழுந்து நில்லுங்கள். ஆண்களுக்கு நெருக்கடி அதிகம். சாச்சா என்ற திராட்சைச் சாராயத்தைக் காலைச் சாப்பாட்டோடு நீட்டும் தாத்தாக்களும் உண்டு; அதை யாரோடும் போட்டிக்குக் குடிக்காதீர்கள்.

என்றாவது தமாதா உங்களைப் பேசச் சொல்வார். இதற்குத் தயாராக இருங்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு இப்போது தன் பிள்ளை பட்டினி கிடக்கிறதோ என்ற கவலை இல்லை, ஏனென்றால் இந்த வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று பெயர் சொல்லி முடியுங்கள். மொழிபெயர்ப்பு முடிவதற்குள் அடுப்படியிலிருந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள்.

அரசியலில் வாய்கொடுக்காதீர்கள். பிரிந்து நிற்கும் அப்காசியாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பமாக அது இருக்கலாம், ரஷ்யாவோடு நடந்த 2008 போரில் யாரையாவது இழந்திருக்கலாம். கோரி ஊரில் பிறந்த ஸ்டாலினைப் பற்றி ஒரே மேசையில் தாத்தா ஒன்று சொல்வார், பேத்தி நேரெதிராகச் சொல்வாள். நீங்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருங்கள்.

பள்ளிக்கூடத்தில் யார் ஆசிரியர்

பள்ளி செப்டம்பர் நடுவில் திறக்கும். ககேத்திப் பகுதியில் அதே சமயம் திராட்சை அறுவடை. வகுப்பு பாதி காலியாக இருந்தால் பதற வேண்டாம். வார இறுதியில் நீங்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் பிள்ளைகள் பெயர் அங்கேயே பழகிவிடும். உங்களை "மாஸ்" என்று கூப்பிடுவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில், கையைத் தூக்கிக்கொண்டு. 'மஸ்த்ஸாவ்லெபெலி' (ஆசிரியர்) என்ற முழுச்சொல்லைச் சுருக்கியது.

வகுப்பு உங்களுடையது இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அது உள்ளூர் ஆங்கில ஆசிரியையின் வகுப்பு, நீங்கள் துணை. இருபது, முப்பது வருடமாக, ஆங்கிலம் பேசும் ஒருவரைக்கூடச் சந்திக்காமல், பாடத்தை வாசித்து வரிவரியாக மொழிபெயர்த்து அவர் நடத்தி வந்திருக்கலாம். குறைந்த சம்பளத்தில். திடீரென்று ஒரு இளவட்டம் வந்து பக்கத்தில் நின்றால், யார் உச்சரிப்பு சரி என்று பிள்ளைகள் மாறி மாறிப் பார்க்கும். பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்தவே கூடாது. அவர் பலகையில் தப்பாக எழுதினாலும் அன்று அது அப்படியே இருக்கட்டும். பள்ளி முடிந்து ஆசிரியர் அறையில் துருக்கிக் காப்பி போடுவார்கள். குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து, படிந்த தூளில் உங்கள் கல்யாணத்தைக் குறி பார்ப்பார்கள். நாளைய பாடத்தைப் பேசிவைக்க அதுதான் நேரம். 'கல்பத்தோனோ' என்று சேர்த்துப் பெயர் சொல்லி அழையுங்கள், அம்மையார் என்பது போல. இலக்கணமும் மொழிபெயர்ப்பும் அவர் கையில், பேச்சும் விளையாட்டும் உங்கள் கையில் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

தேர்வில் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்து விடை சொல்வார்கள். அங்கே அது தோழமை. ஒரே நாளில் மாற்றப் புறப்படாமல், வரிசைக்கு ஒரு வினாத்தாள் என்று கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆளே இல்லாவிட்டாலும் வருத்தப்படாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு 2005 முதல் நாடு முழுவதற்குமான ஒரே நுழைவுத் தேர்வு. அதில் அயல்மொழி கட்டாயம். பிள்ளைகள் தனிவகுப்பில் இருப்பார்கள்.

தனிவகுப்பு என்றதும் உங்கள் வீட்டு வாசலுக்கும் ஆள் வரும். மாமன் மகள், பக்கத்து வீட்டுப் பையன், பள்ளி முதல்வரின் பேரன். இதற்கு முதல் வாரத்திலேயே விதி வகுத்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைக்குத் தினமும் சாப்பாட்டு மேசையில் கொஞ்ச நேரம். மற்ற எல்லாருக்கும் வாரம் இரண்டு மாலை பள்ளியில், யார் வேண்டுமானாலும் வரலாம், காசில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் மற்ற வீடுகள் பேசாது. உங்களைத் தங்கவைத்தவர்களுக்கும் நீங்கள் தங்கள் வீட்டு வாத்தியார் என்ற பாத்தியதை கொஞ்சம் இருக்கும், அதையும் மதித்துத்தான் ஆக வேண்டும்.

எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்றே எழுத்து. நம் 247ஐப் படித்தவருக்கு ஒரு வாரம். மர்ஷ்ருத்கா என்ற வேன் எந்த ஊருக்குப் போகிறது என்ற பலகை பல இடங்களில் அந்த எழுத்தில்தான் இருக்கும். இறங்குமிடம் வந்ததும் "காச்சேரெத்" என்று உரக்கச் சொன்னால்தான் நிற்கும். தொண்டையில் உடைந்து வரும் சில மெய்கள் உங்களுக்கு வராது. தண்ணீரில் கத்தும் தவளையைப் பற்றி ஒரு நாக்குத் திருகு வாக்கியம் இருக்கிறது, எல்லா வீட்டிலும் அதைச் சொல்லவைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், திரும்பச் சொல்லுங்கள்.

கொண்டாட்டங்கள்

புத்தாண்டில் வாசலை முதலில் மிதிப்பவர் 'மெக்வ்லே'. அவர் கால்ராசிதான் அந்த வருடம். உங்களையே அழைத்தால் சட்டைப்பையில் மிட்டாய் நிரப்பிக்கொண்டு போய் உள்ளே தூவுங்கள், வாழ்த்துச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் ஜனவரி 7இல் வரும், 14இல் பழைய புத்தாண்டு. இரண்டு வாரம் மேசை காலியாகாது. ஈஸ்டருக்கு மஞ்சிட்டிவேர் போன்ற ஒரு வேரில் முட்டையைச் சிவப்பாகச் சாயமேற்றி, கல்லறைக்குக் கொண்டுபோய் உருட்டி, அங்கேயே துணி விரித்துச் சாப்பிடுவார்கள். அழைத்தால் மறுக்காமல் போங்கள். அவர்கள் வீட்டு இறந்தவர்களை உங்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள் என்றால் விருந்தாளிக் கணக்கு முடிந்துவிட்டது.

ஒத்துவரவே இல்லையென்றால்? குடி, சண்டை, கையை நீட்டும் ஆண், பூட்டில்லாத அறை: இதில் எதையும் பண்பாட்டு வேறுபாடு என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றே திட்ட அலுவலகத்துக்குச் சொல்லி வீடு மாறுங்கள். மற்றபடி சலிப்பு, சாப்பாடு, குளிர் போன்றவற்றுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். மாறுகிற வீட்டிலும் அதே குளிர்தான்.

கிளம்பும்போது

கோடை விடுமுறையில் கிளம்பும் வாரம் பெட்டியில் இடம் விட்டுவையுங்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் ஜாடிகள் வரும்: வால்நட் காய் ஊறவைத்த பாகு, அஜிகா, கோலா பாட்டிலில் அடைத்த மது, த்கெமாலி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிக்குள் புதைத்து, சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். கோலா பாட்டிலில் இருக்கும் மதுவைச் சுங்கத்தில் என்னவென்று கேட்பார்கள், அதைத் திபிலிசியில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்துவிடுவது உத்தமம். வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் முக்கிய சுர்ச்கேலா பார்க்க மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். அதை மட்டும் கைப்பையில் எடுத்துப் போகலாம். த்கெமாலி திரவம், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.